சின்ன விஷயங்களின் பெரிய அதிர்ச்சி

வேற்று மண்ணில் முதல் சில மாதங்கள் ஏன் அவ்வளவு கனக்கின்றன? கேம்பிரிட்ஜ் முதல் திருப்பூர் வரை...

கேம்பிரிட்ஜுக்குப் போன புதிதில் கணிதமேதை ராமானுஜனுக்கு ராத்திரியானால் குளிர் தாங்கவில்லை. ஓவர்கோட்டைக் கழற்றாமல், மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பார். அப்படியும் நடுக்கம் நிற்காது. அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் பேச்சுவாக்கில் இதைக் கேள்விப்பட்டார். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் வேண்டிய அளவு கம்பளிகள் இருந்தன. அவற்றின் ஓரங்கள் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகப்பட்டு, மேலே விரிப்புப் போட்டு மூடப்பட்டிருந்தன. ஆங்கிலேயர் படுக்கை போடும் முறை அது. கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்து வந்திருக்கிறார். மஹலனோபிஸ் கம்பளியை மடித்துக் காட்டினார். அவ்வளவுதான்.

பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மஹலனோபிஸே சொல்லித்தான் இந்தச் சம்பவம் நமக்குத் தெரியும். மேடைகளில் இதைச் சிரிப்புத் துணுக்காகச் சொல்வார்கள். மேதைக்கு உலகம் தெரியவில்லை பாருங்கள் என்று முடிப்பார்கள். ஆனால், அந்த அறைக்குள் நடந்தது வேறு. கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்பதைச் சொல்லித்தர வேண்டும் என்றே கேம்பிரிட்ஜில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கோ அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது; பிறகு எப்படிக் கேட்பார்?

‘கல்ச்சர் ஷாக்’ என்று இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் பண்பாட்டு அதிர்ச்சியின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரர் சொல்லத் தோன்றாததும், வந்தவர் கேட்கத் தெரியாததும் சந்திக்கிற இடம்.

23 கிலோவுக்குள் என்னென்ன அடங்கும்?

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நள்ளிரவுக்கு மேல் சென்னை விமான நிலையத்தின் புறப்பாடு வாசலில் நின்று பார்த்தால், ஒரு தலைமுறை கிளம்பிப் போவதைப் பார்க்கலாம். தள்ளுவண்டியில் இரண்டு பெரிய பெட்டிகள். எடை கூடிவிட்டதென்று ஒன்றைத் திறந்து, பருப்புப்பொடியைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருக்கும் அம்மா. குக்கரை விட்டுவிடலாமா என்று கேட்கும் அப்பா. ‘எல்லாம் எடுத்துக்கிட்டியா?’ என்ற கேள்வி பத்தாவது தடவையாக வரும்.

பெட்டிக்குள் வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஸ்வெட்டர், மாத்திரை, சான்றிதழ்களின் நகல்கள், ஊறுகாய். எந்த ரயிலில் ஏற வேண்டும், எந்த வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் யூடியூப் பார்த்தே தெரிந்துகொண்டுவிட்டார்கள். அப்படிப் போன பிள்ளை மூன்றாவது மாதம் வீடியோ காலில் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் ‘ஒண்ணுமில்லம்மா’ என்கிறது. உண்மையில் அதற்கும் காரணம் தெரியாது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. யாரும் அவமானப்படுத்தவில்லை. பாடமும் ஓரளவு புரிகிறது. ஆனாலும் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. கடைக்குப் போகக்கூடத் தயக்கமாக இருக்கிறது.

ரியோவில் ஒரு சொற்பொழிவு

இந்த நிலைமைக்குப் பெயரும் இலக்கணமும் தந்தவர் காலெர்வோ ஓபெர்க். கனடாவில் குடியேறிய பின்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். மானுடவியலாளராக உகாண்டாவிலும் பிரேசிலிலும் பணியாற்றியவர். அந்நிய மண்ணிலேயே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்த அவர், 1954-ல் ரியோ டி ஜெனிரோவின் மகளிர் மன்றம் ஒன்றில் பேசினார். பணி நிமித்தம் பிரேசிலுக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பங்களின் தவிப்பைப் பற்றிய பேச்சு அது. 1960-ல் அச்சேறி உலகம் சுற்றியது. அந்தச் சொல்லை அவருக்கு முன்பே கோரா டு பொய்ஸ் என்ற மானுடவியலாளர் பயன்படுத்தியிருந்தாலும், பரவலாக்கியவர் ஓபெர்க்தான்.

அவர் அதை ஒரு நோய் என்றே வர்ணித்தார். அந்த நோய்க்கு அவர் எழுதிய அறிகுறிப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். அனுபவித்தவர்களுக்குச் சுருக்கென்றும் இருக்கும். அடிக்கடி கை கழுவுவது. குடிதண்ணீர், சாப்பாடு, படுக்கை எல்லாவற்றிலும் சந்தேகம். எங்கோ வெறித்துப் பார்ப்பது. சின்னத் தாமதத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வருவது. எல்லோரும் நம்மை ஏமாற்றுகிறார்கள், திருடப் பார்க்கிறார்கள் என்ற பயம். உள்ளூர் மொழியைக் கற்க மாட்டேன் என்ற அடம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக் காபிக்காக உயிரையே கொடுக்கலாம் போன்ற ஏக்கம்.

நான்கு கட்டங்களையும் சொன்னார். முதலில் தேனிலவு: பார்ப்பதெல்லாம் அழகு. அடுத்து வெறுப்பு: பார்ப்பதெல்லாம் குற்றம். இந்தக் கட்டத்தில், ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் கூடி உட்கார்ந்து, வந்திறங்கிய ஊரைத் திட்டித் தீர்ப்பார்கள் என்று ஓபெர்க் குறிப்பிடுகிறார். மூன்றாவது, மெல்லத் தேறுதல்: தன் தடுமாற்றத்தைப் பார்த்துத் தானே சிரிக்க முடியும்போது இது தொடங்குகிறது. நான்காவது, பழகிப்போதல்.

இதெல்லாம் வரக் காரணம் என்ன? அன்றாடத்தில் நம்மை வழிநடத்தும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குறிப்புகள் ஒரே நாளில் காணாமல் போவதுதான் என்றார் ஓபெர்க். எப்போது வணக்கம் சொல்வது, எப்போது சிரிப்பது, கடையில் எவ்வளவு பேரம் பேசலாம், அழைப்பை எப்போது ஏற்பது, எப்போது நாசூக்காகத் தட்டிக்கழிப்பது... இவற்றையெல்லாம் நாம் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. வளரும்போது உடம்போடு ஒட்டிக்கொண்டவை. அதனால்தான் இவை இல்லாமல் போகும்போது, எதை இழந்தோம் என்று சொல்லக்கூடத் தெரிவதில்லை.

ஓபெர்க்கின் காலத்தவரான எட்வர்ட் ஹால் இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். வெளிநாடுகளுக்குப் போகும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். இரண்டு பேர் பேசும்போது நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்பதை அளந்து பார்த்தார். அமெரிக்கர்களிடம் நண்பர்களுக்கிடையிலான இடைவெளி சுமார் ஒன்றரை அடியிலிருந்து நான்கு அடி வரை. அதற்குள் ஒருவர் நெருங்கினால் மற்றவர் அனிச்சையாகப் பின்வாங்குவார். நம் ஊரில் தோளில் கை போட்டுப் பேசிப் பழகியவருக்கு, எதிராளி ஓர் அடி பின்னால் நகர்வது ஒதுக்குவதுபோலவே தெரியும். நகர்ந்தவருக்கோ, தான் நகர்ந்தது நினைவில்கூட இருக்காது. ஒருவருக்குக் காயம், மற்றவருக்கு விஷயமே தெரியாது.

மூன்றே தடவைதான், தம்பி!

இன்றைய உதாரணத்துக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்ளலாம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே 49,483 இந்திய மாணவர்கள் படித்தார்கள். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் பெரிய கூட்டம் இந்தியர்கள்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதால் தமிழகப் பொறியியல் பட்டதாரிகளுக்கும் அது பிடித்தமான நாடு.

போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே முதல் பாடம். கடைகள் மூடியிருக்கும், சட்டமே அப்படி. ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், சில பேக்கரிகள் தவிர வேறு எதுவும் திறந்திருக்காது. சனிக்கிழமை பால் வாங்க மறந்தவர் கறுப்புக் காபிதான் குடிக்க வேண்டும். அன்று சுவரில் ஆணி அடிக்கலாம் என்று சுத்தியலை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஞாயிறு முழுக்க அமைதி நாள். மற்ற நாட்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் டி.வி. இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லிக் கடிதம் வரும். காலி தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போட்டால் 25 சென்ட் நஷ்டம்; கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பி வரும். நடுராத்திரி, சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. ஆனாலும் சிவப்பு விளக்கு எரிவதால் நாலு பேர் நடைபாதையில் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

இவையெல்லாம் ஊருக்கு போனில் சொல்லிச் சிரிக்கக்கூடிய வகை. சிரிக்க முடியாதவை வகுப்பறையில் இருக்கின்றன. நம் பொறியியல் கல்லூரிகளில் ‘அரியர்’ என்பது வாழ்க்கையின் ஒரு பகுதி. இந்தப் பருவத்தில் போனால் அடுத்ததில் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு தேர்வைப் பொதுவாக மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவது தடவையும் தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம். தேர்வுக்குக் குறிப்பிட்ட தேதிக்குள் பதிவு செய்யாவிட்டால் யாரும் கூப்பிட்டு ஞாபகப்படுத்த மாட்டார்கள். வகுப்பாசிரியர் என்று ஒருவர் கிடையாது. விதியெல்லாம் இணையதளத்தில் எழுதியிருக்கிறது. ஆனால், படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உணர்த்தும் அந்த ஒரு அதட்டல் இருக்காது. அதட்டலையே அக்கறையாகப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அதட்டாத ஊர் அக்கறையில்லாத ஊராகத் தெரிகிறது.

அமெரிக்காவுக்குப் போனால் சிக்கல் எதிர்ப்பக்கம். பேராசிரியர் ‘என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு’ என்பார்; நாக்கு வராது. வகுப்பில் அமைதியாக இருப்பதை நாம் மரியாதை என்போம். அங்கே அது பாடத்தில் ஆர்வமில்லாததன் அடையாளம். பல வகுப்புகளில் பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. அடக்கமான பிள்ளை என்று இங்கே பேர் வாங்கிய அதே குணத்துக்கு அங்கே மதிப்பெண் குறைகிறது. தன் நல்ல குணமே குறையாகிப் போனதை அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

காந்திக்கு வாய்த்த மேத்தா

1888 செப்டம்பர் 4. பம்பாயிலிருந்து கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு 19 வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. இங்கிலாந்தில் இறங்கும்போது வெள்ளை ஃபிளானல் உடையில் இருந்தார். கரைக்குப் போகும்போது அதுதான் பொருத்தமாக இருக்கும் என்று எடுத்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசி, இலையுதிர்காலம் வந்துவிட்டது. துறைமுகத்தில் அந்த உடையில் இருந்தது அவர் ஒருவர்தான். பெட்டிகளைக் கப்பல் முகவர் வசம் கொடுத்துவிட்டதால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்தக் கூச்சத்தைச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்று இரவே, லண்டனுக்கு முன்பே வந்திருந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா அவரைப் பார்க்க ஹோட்டலுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது காந்தி விளையாட்டாக மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, உரோமத்தை எதிர்த்திசையில் தடவிவிட்டார். மேத்தாவுக்குச் சற்றுக் கோபம்தான். ஆனால், அதோடு விடாமல் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். அடுத்தவர் பொருளைத் தொடாதே. முதல் சந்திப்பிலேயே நம் ஊரில் கேட்பதுபோலக் கேள்விகள் கேட்காதே. சத்தமாகப் பேசாதே. எல்லோரையும் ‘சார்’ என்று அழைக்காதே. பிறகு, ஹோட்டலில் தங்கினால் செலவு தாங்காது, ஒரு குடும்பத்தோடு தங்கு என்றும் சொன்னார்.

அந்த ஆரம்ப நாட்களில் காந்தி இரவெல்லாம் அம்மாவை நினைத்து அழுதிருக்கிறார். தங்கியிருந்த வீட்டில் ரொட்டி இன்னும் இரண்டு துண்டு கேட்கக் கூச்சப்பட்டுப் பசியோடு எழுந்திருக்கிறார். பிறகு பாண்டு தெருவில் 10 பவுனுக்கு உடை, 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, நடன வகுப்பு, வயலின், பேச்சுப் பயிற்சி என்று ஆங்கிலேயக் கனவானாக மாறப் பார்த்தார். நடனத்தில் தாளம் பிடிபடவில்லை. மூன்று மாதத்தில் அந்த வேகம் அடங்கியது. அவரை உண்மையில் தேற்றியது ஃபாரிங்டன் தெருவில் கண்ட ஒரு சைவ உணவகம். வயிறு நிறைந்த சாப்பாடு அங்கேதான் கிடைத்தது. அதன் வழியே சைவ உணவுச் சங்கம், நண்பர்கள், கூட்டம், கட்டுரை. எந்த வித்தியாசம் அவரைத் தனிமைப்படுத்தியதோ, அதையே மதிக்கும் ஆங்கிலேயர்கள் ஒரு கூட்டமாகக் கிடைத்தார்கள். தன்னை முழுக்க மாற்றிக்கொள்ளாமலேயே அந்த ஊரில் அவருக்கு ஓர் இடம் அமைந்துவிட்டது.

ராமானுஜன் கப்பலேறியது 1914 மார்ச் 17. ஏப்ரல் 14 அன்று லண்டனில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் வந்து வரவேற்றார். கணிதத்தில், அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி போன்ற ஒரு துணை உலகத்தில் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை. ஆனால், சாப்பாட்டுக்கு? கல்லூரிச் சாப்பாட்டு அறைக்கு அவர் போவதில்லை. அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில்தான் ஓர் ஊர் தன் ரகசியங்களைச் சொல்லும். அந்தக் கதவு அவருக்கு மூடியே இருந்தது. போதாததற்கு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. காய்கறிக்குத் தட்டுப்பாடு, கடிதங்களுக்குத் தாமதம். மனைவி ஜானகிக்கும் அவருக்குமான கடிதங்கள் வீட்டுப் பிணக்கில் சிக்கிக் கைசேரவே இல்லை. 1917-ல் நோயில் விழுந்து மருத்துவமனைகளில் முடங்கினார். 1918 தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்கு மனமுடைந்து, காப்பாற்றப்பட்டார். அதே வருடம்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் அவருக்குக் கிடைத்தன.

இருவரையும் ஒப்பிட்டு, ஒருவர் மனத்திடம் உள்ளவர், மற்றவர் இல்லாதவர் என்று முடிவுகட்டினால் அது அநியாயம். போர், நோய், வயது, வேலை எல்லாமே வேறு. ஆனால், ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. காந்திக்கு முதல் நாளே ஒரு மேத்தா வாய்த்தார். ராமானுஜனுக்குச் சிறிது காலம் ஒரு மஹலனோபிஸ் இருந்தார். அவரும் 1915-ல் ஊர் திரும்பிவிட்டார்.

வளைவுகள் சொல்லாதது

1955-ல் நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குள் தங்கியவர்களும் ஒன்றரை வருடத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்டவர்கள்தான் தவித்தார்கள். மகிழ்ச்சி, சரிவு, மீட்சி என்ற இந்தக் கிண்ண வடிவக் கோடு பிரபலமாகி, இன்றுவரை வெளிநாட்டு மாணவர் கையேடுகளில் அச்சாகிறது.

ஆனால், பிற்கால ஆய்வுகள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டவில்லை. நியூசிலாந்தில் கோலீன் வார்டு குழுவினர், அங்கே படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். தேனிலவைக் காணோம். வந்து இறங்கிய முதல் ஒரு நாளிலேயே மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. பிறகுதான் மெல்லக் குறைந்தது.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ‘முதல் மூணு மாசம் ஜாலியா இருக்கும், அப்புறம் கொஞ்சம் கஷ்டம், அப்புறம் சரியாயிடும்’ என்று காலண்டர் போட்டுக் காத்திருக்க முடியாது. இறங்கிய அன்றே ஒருவர் உடைந்துபோகலாம். ஒருவர் இரண்டாவது வருடம் தவிக்கலாம். தவிக்கும் நேரம் எது என்பதைவிட, தவிக்கும்போது பக்கத்தில் யார் என்பதே முக்கியம்.

சூரியன் வராத ஊரில் தமிழர்கள்

ஈழத்தில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு தஞ்சம் தேடிப் புறப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நார்வேக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது நாட்டின் வட கோடியில், ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில். குளிர்காலத்தில் அங்கே ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் தொடுவானத்துக்கு மேலே வராது. கோடையில் அதே அளவு காலம் மறையவே மறையாது. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்பதே குழம்பிப்போகும். கைகளில் மீன் வாடை, வெளியே பனி, நெஞ்சில் ஊரின் செய்தி என்னவோ என்ற பதைப்பு. மாணவரின் அதிர்ச்சியிலிருந்து இது வேறு ரகம். இவர்கள் விரும்பிக் கிளம்பியவர்கள் இல்லை, நினைத்தபோது திரும்பக்கூடியவர்களும் இல்லை.

அவர்கள் நிமிர்ந்தது எப்படி? முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்குச் சொன்னதால்தான். எந்தச் சப்பாத்து பனியில் வழுக்காது, எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, முதலாளியிடம் எதை நேரடியாகக் கேட்கலாம் என்பதெல்லாம் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள், விளையாட்டுக் கழகங்கள், கோயில்கள். பலர் காலப்போக்கில் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள்.

இங்கே ஓபெர்க்கிடம் சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. சொந்த ஊர்க்காரர்கள் கூடுவதை அவர் நோயின் இரண்டாம் கட்டத்தோடு சேர்த்துப் பேசினார். கூடி உட்கார்ந்து, வந்திறங்கிய ஊரைத் திட்டுவது மட்டுமே வேலை என்றால் அவர் சொல்வது சரி. இன்றைக்கு அப்படிப்பட்ட வாட்ஸ்அப் குழுக்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால், வழி தெரிந்தவர் வழி தெரியாதவருக்குச் சொல்லித்தரும் கூட்டம் வேறு. அது அவரை ஊருக்குள் அனுப்பி வைக்கிறது.

திரும்பி வருகிறவரின் அதிர்ச்சி

1963-ல் கல்லஹார்ன் தம்பதியர் எழுதிய ஆய்வு, தாய்நாடு திரும்பும்போதும் இதே சரிவு இன்னொரு முறை வருவதைச் சொன்னது. வெளியூர் புதிதாக இருக்கும் என்று மனம் தயாராகப் போகிறது. சொந்த ஊர் புதிதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஐந்து வருடம் கழித்து வந்தவருக்கு ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கிறது. வரிசையில் நிற்கும்போது முதுகில் ஒட்டி நிற்பவர் எரிச்சலூட்டுகிறார். ‘சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போ?’ என்று பக்கத்து வீட்டு மாமா கேட்பது அத்துமீறலாகப் படுகிறது. வாயைத் திறந்து சொன்னால் ‘ஃபாரின் போய் வந்த திமிர்’ என்று பேர். அங்கே புரியாமல் போனதற்கு ‘வெளிநாட்டுக்காரர்’ என்ற மன்னிப்பாவது இருந்தது. இங்கே அதுவும் கிடையாது.

---

புறப்படுகிறவர்களுக்கு...

போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள்: முட்டாள்தனமான கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கக்கூடிய ஆள். அவர் தமிழராக இருந்தால் வசதி. உள்ளூர்க்காரராகவும் ஒருவர் இருந்தால் நல்லது.

பேசுவதற்கு முன் பாருங்கள். பஸ்ஸில், கேன்டீனில், நூலகத்தில் மற்றவர்கள் செய்வதைச் சில நாள் கவனித்தாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

சமையலைக் கற்றுக்கொண்டு போங்கள். நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிடவும் அதுதான் வழி.

வீட்டோடு பேசுங்கள், ஆனால், நாள் முழுவதும் போனிலேயே ஊரில் வாழாதீர்கள். 

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், அது ஏக்கம் மட்டும் இல்லை. பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது பதிவேட்டில் கறுப்புப் புள்ளி ஆகாது.

பெற்றோருக்கு: ‘சாப்பிட்டியா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘இன்னிக்கு எது புரியல?’ என்றும் கேளுங்கள்.

---

நம் ஊருக்கு வந்தவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நாம் போகும் கதை. நம்மிடம் வருகிறவர்களின் கதையும் இருக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், உத்தரப்பிரதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறித் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் கோவையின் ஃபவுண்டரிகளுக்கும் சென்னையின் கட்டுமான இடங்களுக்கும் வருகிறார்கள். இருபது வயதுகூட ஆகாதவர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு இந்தியாவுக்குள் இப்படி ஓர் ஊர் இருக்கும், அங்கே இந்தி பேசினால் புரியாது என்பதே வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். பஸ் போர்டைப் படிக்க முடியாது. கடுகு எண்ணெயில் பழகிய நாக்குக்குச் சாம்பார் புளிக்கும். மேஸ்திரி அதட்டுகிறாரா, சாதாரணமாகவே பேசுகிறாரா என்று தெரியாது.

இவர்களிடம் ஓபெர்க்கின் பட்டியலை வைத்துப் பாருங்கள்: எல்லோரும் நம்மை ஏமாற்றுகிறார்கள், நமக்கு ஏதோ ஆபத்து வரப்போகிறது என்ற அந்தப் பயம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. அவை போலியானவை என்று தமிழகக் காவல்துறை அறிவித்து, பரப்பியவர்கள் மீது வழக்குப் பதிந்தது. பீகார் அரசின் குழு வந்து நேரில் விசாரித்துப் போனது. அதற்குள் பலர் பயந்து ரயிலேறிவிட்டார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வதந்தியைப் பரப்பியவர்களின் நோக்கம் வேறாக இருக்கலாம். ஆனால், அது பற்றிக்கொண்டதற்குக் காரணம், சுற்றி நடப்பதைப் படிக்கத் தெரியாத நிலையில் அவர்களை நாம் வைத்திருந்ததும்தான். தெருவில் இரண்டு பேரைத் தெரிந்தவர், வீடியோவை நம்புவதற்கு முன் அவர்களிடம் கேட்டிருப்பார்.

வசதிகள் இல்லாமல் இல்லை. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொந்த மாநில அட்டையை வைத்தே தகுதியுள்ளவர் இங்கே ரேஷன் கடையில் அரிசி வாங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவம் இலவசம். பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். இவையெல்லாம் இந்த மண்ணில் பிறந்தவருக்குச் சொல்லாமலே தெரியும். காலையில் ஷிப்டுக்குப் போய் இரவு விடுதிக்குத் திரும்பும் பையனுக்கு யார் சொல்வது?

வெளிநாட்டில் நம் பிள்ளைக்கு யாராவது நல்லவர் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத தாய் இல்லை. அந்த நல்லவர் செய்ய வேண்டியது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ‘இங்கே இப்படித்தான்’ என்று முகம் சுளிக்காமல் ஒரு தடவை சொல்ல வேண்டும். அரைகுறை மொழியில் கேட்கும் கேள்வியை முழுதாகக் கேட்டு முடிக்கும் வரை பொறுக்க வேண்டும். அதைச் செய்யும் வாய்ப்பு அந்தத் தாய்க்கே தன் தெருவில் தினமும் இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரப் பையன் மருந்துக் கடையில் வார்த்தை வராமல் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பது நாம்தான். ‘என்னப்பா வேணும்?’ என்று கேட்பதற்கு இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை.